மணி கிடந்த இடம்: நியூயார்க் முதல் பார்படோஸ் வரை ஆப்பிரிக்க இடுகாடுகள்

திங்கள், நியூயார்க்

சேம்பர்ஸ் தெரு நிலையத்தில் இறங்கி பிராட்வேயில் இரண்டு தெரு வடக்கே நடந்தால் 290ஆம் எண் கட்டடம். அரசு அலுவலகங்கள் இயங்கும் கட்டடம்தான். தரைத்தளத்தில் ஆப்பிரிக்க இடுகாடு தேசிய நினைவிடத்தின் காட்சியகம் இருக்கிறது. கட்டணம் இல்லை. பை, பெல்ட் எல்லாம் விமான நிலையம் மாதிரி சோதிப்பார்கள். அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் நாட்கள் அவ்வப்போது மாறுவதால் கிளம்புமுன் தேசியப் பூங்காத் துறையின் தளத்தில் பார்த்துவிடுவது நல்லது.

அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் அவர்கள் பிள்ளைகளும் இறந்தவர்களை எப்படி அடக்கம் செய்தார்கள், எதை நம்பினார்கள் என்பதை மண்ணிலிருந்து படிப்பது எப்படி? அதற்காகத்தான் இந்தப் பயணம். அவர்களே எழுதி வைத்தது மிகக் குறைவு. எஜமானர்கள் எழுதியதில் பயமும் ஏளனமும் கலந்திருக்கும். மண்ணுக்குள் இருப்பது அவர்கள் கையால் செய்தது. ஆனால் ஒரு பொருள் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. எந்த ஆழத்தில், எதை ஒட்டி, எந்தத் திசையில் கிடந்தது என்ற பதிவும் வேண்டும். அந்தப் பதிவு இல்லாத நீல மணி வெறும் நீல மணிதான்.

1697இல் டிரினிட்டி தேவாலயம் தன் கல்லறைத் தோட்டத்தில் கறுப்பர்களைப் புதைக்கக் கூடாது என்று தடை போட்டது. ஊருக்கு வெளியே, குளத்தை நோக்கிச் சரிந்த நிலத்தில்தான் அவர்களுக்கு இடம். 1794 வரை அந்த இடுகாடு பயன்பட்டது. பரப்பு சுமார் 6 ஏக்கர். அங்கே அடங்கியவர்கள் சுமார் 15,000 பேர் என்பது மதிப்பீடு. பிறகு மனை போடுவதற்காக அந்தச் சரிவில் மண் கொட்டி நிரவினார்கள். சில இடங்களில் நிரப்பு மண் மட்டுமே 20 அடி. இடுகாட்டை மறைத்த அந்த மண்தான் அதைக் காப்பாற்றியும் வைத்தது. 1991இல் அலுவலகக் கட்டடத்துக்கு நிலம் தோண்டியபோது, பழைய வீடுகளின் அடித்தளங்கள் பெரும்பகுதியை அழித்திருக்கும் என்றே எதிர்பார்த்தார்கள். அடித்தளம் போடாத ஒரு பழைய சந்தின் கீழே குழிகள் அடுக்கடுக்காக அப்படியே இருந்தன.

முதலில் நடந்தது அவசர வேலை. கட்டுமானக் கெடு நெருக்க, இயந்திரத் தோண்டியால் சில கல்லறைகள் சிதைந்தும் போயின. நகரின் கறுப்பின மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 1992 ஜூலையில் தோண்டுவது நின்றது. எடுக்கப்பட்ட 419 பேரின் எச்சங்களும் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்குப் போயின. ஆய்வை அங்கிருந்த மானுடவியலாளர் மைக்கேல் பிளேக்கி நடத்தினார். என்னென்ன கேள்விகளைக் கேட்பது என்பதை வழித்தோன்றல் சமூகத்தோடு கலந்தே முடிவு செய்தார்கள். எங்கள் பார்வையில் இந்தத் துறை மாறிய இடம் அதுதான்.

காட்சியகத்தில் புதைகுழி வரைபடங்களுக்கு முன் கொஞ்சம் நேரம் நில்லுங்கள். ஈரக் களிமண்ணில் சவப்பெட்டிப் பலகை மக்கிப்போய்க் கருங்கோடாகத்தான் மிஞ்சும். அந்தக் கோட்டையும் ஆணிகள் நின்ற இடங்களையும் வைத்துத்தான் பெட்டி தோளில் அகன்று காலில் குறுகும் அறுகோணமா, நேரான செவ்வகமா என்று சொல்ல முடியும். ஆணியைப் பிடுங்கிப் பையில் போட்டுவிட்டு அப்புறம் வரையலாம் என்று நினைத்தால் வடிவம் போச்சு. குண்டூசியும் அப்படியே. செம்புக் கலப்புக் குண்டூசி மண்டையோட்டின் மேல் பச்சைக் கறையோடு ஒட்டியிருந்தால் தலையைத் துணியால் சுற்றிக் குத்தியிருக்கிறார்கள். மார்பிலும் இடுப்பிலும் பொத்தான் இருந்தால் உடையோடு புதைத்திருக்கிறார்கள். செம்பின் உப்பு ஊறிய இடத்தில் மட்டும் துணியின் இழை ஓரிரண்டு அழியாமல் இருக்கும். அதனால் குண்டூசியைக் கழுவுவது கடைசி வேலை.

பெரும்பாலானவர்களுக்குப் பெட்டி உண்டு. தலை மேற்கே, கால் கிழக்கே. எழுந்தால் கிழக்கைப் பார்க்கும் இந்தக் கிடப்பு கிறிஸ்தவ வழக்கத்துக்கும் பொருந்தும், மேற்கு ஆப்பிரிக்காவின் சில வழக்கங்களுக்கும் பொருந்தும். அதனால் திசையை மட்டும் வைத்து யாருடைய நம்பிக்கை என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

செவ்வாய், நியூயார்க்

இரண்டு கல்லறைகளைப் பற்றி மட்டும் இன்று.

340ஆம் எண் கல்லறை நடுவயது தாண்டிய ஒரு பெண்ணுடையது. முன்பற்கள் அரத்தால் ராவி வடிவம் செய்யப்பட்டவை. அமெரிக்கக் காலனிகளில் பிறந்தவர்களிடம் இது அரிது. எனவே அவர் ஆப்பிரிக்காவில் பிறந்திருப்பார் என்பதற்கு அது வலுவான அறிகுறி. அவர் இடுப்பைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட மணிகளும் சோழிகளும் கிடந்தன. மணிகள் இடுப்பெலும்பை வளைத்து வரிசையாகக் கிடந்ததால்தான் இது இடுப்புமணி என்று தெரிந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் பெண்கள் துணிக்கு உள்ளே, வெளியே தெரியாமல் அணிவது இடுப்புமணி. மொத்த மண்ணையும் அள்ளிச் சலித்திருந்தால் எண்ணிக்கை கிடைத்திருக்கும், இடுப்பு கிடைத்திருக்காது. இன்னொன்று: கால் அங்குலக் கண் உள்ள சல்லடையில் கடுகளவு மணி நிற்கவே நிற்காது. கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு மண்ணைத் தனித்தனிப் பையில் எடுத்து, தண்ணீரில் கரைத்து, நுண்ணிய வலையில் வடிக்க வேண்டும்.

101ஆம் எண் கல்லறை ஓர் ஆணுடையது. சவப்பெட்டி மூடியின் மேல் சிறு ஆணிகளை அடித்து ஓர் இதய வடிவம் செய்திருந்தார்கள். அது கானாப் பகுதியின் அக்கான் மக்களுடைய 'சங்கோஃபா' சின்னம், அதாவது 'திரும்பிப் போய் எடுத்துவா' என்று சொல்லும் குறி என்று ஆய்வின்போது கருத்து எழுந்தது. நினைவிடத்தின் அடையாளமாகவே அது ஆகிவிட்டது. மறுப்பும் உண்டு. அதே நூற்றாண்டில் ஆங்கிலேயச் சவப்பெட்டிகளிலும் ஆணியால் இதயம் போடும் வழக்கம் இருந்தது. அக்கான் சின்னங்கள் அச்சிட்ட துணிகளில் இன்றுள்ள மிகப் பழையது 1817இல் சேகரித்தது; கல்லறை அதற்கு முந்தியது. எங்கள் முடிவு இது: பெட்டியைச் செய்தவரின் எண்ணத்தை இந்த ஒரே மூடியிலிருந்து நிரூபிக்க முடியாது. ஆனால் 1991க்குப் பிறகு இங்கே வந்து பூ வைத்த பல்லாயிரம் பேருக்கு அது சங்கோஃபாதான். அதுவும் இந்த இடத்தின் வரலாற்றில் சேர்ந்துவிட்டது. இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பாமல் எழுதினால் போதும்.

அடக்கம் செய்வதற்கே சட்டம் குறுக்கே நின்றதை நினைவில் வைத்தால் இந்த ஆணிகளின் எடை புரியும். 1722இல் அடிமைகளைப் பகல் வெளிச்சத்திலேயே புதைக்க வேண்டும் என்று நகரம் சட்டம் போட்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் இரவுச் சடங்கு முக்கியம். 1731இல் வந்த சட்டம் 12 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றது. பெட்டியின் மேல் போர்வை விரிக்கவும் தடை. ஆனாலும் பெட்டி செய்தார்கள், துணி சுற்றினார்கள், மணியைக் கழற்றாமல் விட்டார்கள்.

டுவேன் தெருவும் எல்க் தெருவும் சந்திக்கும் மூலையில் வெளிப்புற நினைவிடம். ராட்னி லியோன் வடிவமைத்தது, 2007இல் திறந்தது. புல் மூடிய ஏழு மேடுகள் இருக்கின்றன. 2003 அக்டோபரில் 419 பேரையும் மறுபடி அடக்கம் செய்த இடம் அது. கானாவில் செதுக்கிய மரப்பெட்டிகளில் வைத்து, அவர்களோடு கிடந்த பொருட்களையும் சேர்த்தே புதைத்துவிட்டார்கள். காட்சியகத்தில் பார்ப்பவற்றில் பலவும் நகல் என்பதற்கு அதுவே காரணம். மேடுகளின் மேல் ஏறாதீர்கள். குளிர்காலத்தில் வெளிப்பகுதியை மூடிவைப்பதுண்டு.

வியாழன், அனாபொலிஸ்

மேரிலாந்து மாநிலத் தலைநகரான அனாபொலிசுக்கு ரயில் கிடையாது. பால்டிமோர் வரை ரயில், அங்கிருந்து கார் அல்லது பேருந்து. ஸ்பா ஓடைக் கரையில், புனித மேரி தேவாலயத்துக்குப் பின்னால் சார்ல்ஸ் கரோல் வீடு. வருடம் முழுக்கத் திறந்திருக்காது.

இங்கே கல்லறை இல்லை. வீட்டுக்குள் ஒளித்து வைத்தவை பற்றிய ஊர் இது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர் மார்க் லியோன் குழு 1991இல் இந்த வீட்டின் கீழ்த்தள அறை ஒன்றில், வடகிழக்கு மூலையில் ஒரு குவியலைக் கண்டது. படிகக் கற்கள், வழவழப்பான கரும் கூழாங்கல், துளையிட்ட எலும்பு வட்டுகள். மேலே கவிழ்த்த ஒரு பீங்கான் கிண்ணத்தின் அடிப்பாகம், அதில் நட்சத்திரக் குறி. அடிமைகள் வேலை செய்த, தங்கிய தளம் அது.

இப்படி ஒரு குவியல் கிடைத்தால் முதலில் கேட்க வேண்டியது, எலி சேர்த்ததா என்பதுதான். தரைப்பலகைக்கு அடியில் எலி பொத்தான், மணி, எலும்பு எல்லாவற்றையும் இழுத்துப்போய்க் குவிக்கும். எலிவளையில் துணிக் கந்தல், காகிதத் துணுக்கு, கொட்டை, புழுக்கை எல்லாம் கலந்திருக்கும். பொருட்களில் பல்தடம் இருக்கும். மனிதர் வைத்ததில் தேர்வு தெரியும். வெள்ளையானது, மின்னுவது, வட்டமானது, துளையிட்டது, கூரானது என்று சேர்ந்திருக்கும். குழி வெட்டிய விளிம்பு மண்ணின் நிறமாற்றத்தில் தெரியும். அதன் மேல் செங்கல் தளமோ களிமண்ணோ கலையாமல் மூடியிருக்கும். அடுத்தது இடம்: வடகிழக்கு மூலை, அடுப்படி, வாசற்படி, மாடிப்படியின் கீழ். 1930களில் முன்னாள் அடிமைகளிடம் எழுதி வாங்கிய வாக்குமூலங்களில் காப்பு, ஏவல், வைத்தியத்துக்குப் பொருள் புதைத்த இடங்கள் வருகின்றன. அவற்றையும் அகழாய்வில் கிடைத்த இடங்களையும் லியோனும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் கிளாடிஸ்-மேரி ஃப்ரையும் 1999இல் அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். பொருட்களும் இடங்களும் ஒத்துப்போயின.

பழைய அகழாய்வுகளில் இது ஏன் தெரியாமல் போனது என்பதற்கு மர்மம் ஒன்றும் இல்லை. படிகத்தைச் சல்லடையிலேயே 'இயற்கைக் கல்' என்று வீசிவிடுவார்கள். வீசாமல் எடுத்தாலும் கிடங்கில் கண்ணாடி கண்ணாடியோடு, எலும்பு எலும்போடு, இரும்பு இரும்போடு போய்விடும். ஒரே கையால் ஒரே நேரத்தில் வைத்த ஐந்து பொருட்கள் ஐந்து அலமாரிக்குப் பிரிந்தால் குவியல் என்ற ஒன்றே இல்லாமல் ஆகிவிடும். பழைய கிடங்குகளைத் திறந்து, பை எண்ணும் மண்ணடுக்கு எண்ணும் ஒத்துவருகிறதா என்று தேடுவது இன்றைக்கும் பலன் தரும் வேலை.

2008இல் ஃபிளீட் தெருவில் கிடைத்த பொதி வேறு வகை. சுமார் 1700ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உயரம் 10 அங்குலம், அகலம் 6, தடிமன் 4. மேலே ஒரு கற்கோடரி நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே களிமண்ணோடு ஈயக்குண்டு, குண்டூசி, ஆணி என்று சுமார் 300 உலோகத் துண்டுகள். அதை உடைக்காமல் எக்ஸ்ரே எடுத்துத்தான் எண்ணினார்கள். மண்கட்டி என்று கொத்தியிருந்தால் 300 துருப்பிடித்த துணுக்குகளாகச் சிதறியிருக்கும். சுற்றியிருந்த துணியோ தோலோ மக்கிப்போனாலும் களிமண் அதன் உருவத்தைக் காத்திருந்தது. வீட்டுக்குள் மறைவாக இல்லாமல் தெருவோரத்தில் வைத்திருந்ததுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. ஒளிக்க வேண்டிய காலம் அப்போது இன்னும் முற்றவில்லை என்று லியோன் குழு அதைப் படித்தது.

வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் அருகே யுட்டோப்பியா என்ற பண்ணைக் குடியிருப்பில் இதற்கு ஓர் உறவு உண்டு. குடிசைத் தரைக்கு அடியில் வெட்டிய ஒரு குழியில் புதைபடிவச் சிப்பிகளும் புகைக்குழாய்களும் மாட்டெலும்பும் இருந்தன. மண்ணைச் சோதித்தால் திராட்சை மகரந்தம் அதிகம். மது ஊற்றி முன்னோருக்குப் படைத்த இடம் என்று தொல்லியலாளர் பட்ரீசியா சாம்ஃபோர்டு விளக்கினார். மகரந்தத்துக்கு மண் எடுக்காமல் விட்டிருந்தால் அது காய்கறி வைத்த குழியாகவே பதிவாகியிருக்கும்.

சனி, சார்ல்ஸ்டனும் கடல்தீவுகளும்

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் 2013இல் ஒரு கலையரங்கத்தைக் கட்டும்போது 36 பேரின் கல்லறைகள் வெளிப்பட்டன. ஆப்பிரிக்கரும் ஆப்பிரிக்க வம்சாவளியினருமான அவர்களுக்கு ஊர் மக்கள் பெயர் சூட்டி, 2019 மே மாதம் அருகிலேயே மறுஅடக்கம் செய்தார்கள். இந்தக் கடலோரத்தின் அமில மணல் எலும்பைத் தின்றுவிடும். பல்லின் எனாமல்தான் கடைசிவரை நிற்கும். அதில் உள்ள ஸ்ட்ரான்சியம் குழந்தைப் பருவத்தில் எந்த ஊர்த் தண்ணீரும் உணவும் என்பதைக் காட்டும்.

மீட்டிங் தெருவிலுள்ள சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்தில் கையால் பிடித்த, சூளையில்லாமல் திறந்த தீயில் சுட்ட மண்கிண்ணங்களைத் தேடிப் பாருங்கள். இந்தப் பகுதி ஆறுகளின் அடியில் கிடைத்த சில கிண்ணங்களின் அடிப்பக்கத்தில் கீறிய சிலுவை அல்லது வட்டத்துக்குள் சிலுவை இருக்கும். தொல்லியலாளர் லீலண்ட் பெர்குசன் அதை மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோ மக்களின் உலகச் சக்கரத்தோடு இணைத்தார். கிடைக்கோடு நீர், மேலே உயிரோடிருப்பவர், கீழே இறந்தவர், சூரியன் போல ஆன்மா சுற்றி வருகிறது. கிண்ணங்கள் நீருக்கடியில் கிடைத்ததுதான் அவர் வாதத்தின் முதுகெலும்பு. குறி சுடும்முன் ஈரமண்ணில் போட்டதா, சுட்டபின் கீறியதா என்று விளிம்பைப் பார்த்தால் தெரியும்: ஈரத்தில் போட்டால் ஓரம் புடைத்து வழவழப்பாக இருக்கும், சுட்டபின் கீறினால் பொருக்குப் பொருக்காக உடைந்திருக்கும். கொங்கோ விளக்கத்தை ஏற்காதவர்களும் உண்டு, குயவர் அடையாளம் என்பார்கள். விவாதத்தில் இறங்குபவர்கள் முதலில் இந்த விளிம்பைப் பார்க்க வேண்டும்.

தெற்கே கடல்தீவுகளில், அங்கே அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கல்லா-கீச்சி மக்களின் கல்லறைகள் பெரும்பாலும் தண்ணீர்க்கரையில், மரங்களுக்கு நடுவே. கடற்சிப்பி, இறந்தவர் கடைசியாகப் பயன்படுத்திய கோப்பை, மருந்துப்புட்டி, விளக்கு, கடிகாரம் ஆகியவற்றை மேலே வைப்பது வழக்கம். பாத்திரத்தை வேண்டுமென்றே உடைத்து வைப்பார்கள். சாவின் சங்கிலி அறுபட்டு, வீட்டில் அடுத்தவர் பின்தொடராமல் இருக்க. வெளியூர்க்காரர் குப்பை என்று நினைத்துச் சுத்தம் செய்து அழித்த இடுகாடுகள் பல. எதையும் தொடாதீர்கள், நேராக்காதீர்கள். பலவும் தனியார் நிலத்தில் இருப்பவை. குடும்பத்தாரின் அனுமதி இல்லாமல் உள்ளே போவது தவறு.

பெயர்க்கல் இல்லாத இடுகாட்டைக் காட்டில் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள்: கிழக்கு மேற்காக வரிசையாக ஆறடி நீளத்தில் தாழ்ந்த பள்ளங்கள், முள்ளிலை யுக்கா, தரையில் படரும் வின்கா கொடி, தலைமாட்டில் நட்ட செதுக்காத கல். நிலத்தடி ரேடார் எலும்பைக் காட்டாது. மண்ணடுக்கு வெட்டுப்பட்ட இடத்தைத்தான் காட்டும். உலர்ந்த மணலில் நன்றாக வேலை செய்யும். உப்புநீர் ஊறிய மண்ணிலும் ஈரக் களியிலும் அலை மடிந்துவிடும். மரவேர் கல்லறை மாதிரியே தெரியும். கோடுகளை அரை மீட்டர் இடைவெளிக்குள் நெருக்கி ஓட்டாவிட்டால் குழந்தைகளின் கல்லறை தவறிப்போகும். இந்த இடுகாடுகளில் குழந்தைகள் மிக அதிகம்.

திங்கள், பார்படோஸ்

மயாமி வழி விமானம். நியூட்டன் பண்ணையின் இடுகாடு கிறைஸ்ட் சர்ச் வட்டாரத்தில், விமான நிலையத்திலிருந்து சிறிது தூரத்திலேயே. நிழல் கிடையாது, காலையில் போய்விடுங்கள். மண் மெலிந்த சரிவு, கரும்புக்கு உதவாது. உழவு படாததால் தாழ்ந்த மேடுகள் அப்படியே நின்றன.

ஆய்வாளர்கள் ஜெரோம் ஹேண்ட்லரும் பிரடெரிக் லாங்கும் 1970களின் தொடக்கத்தில் இங்கே 104 பேரின் எச்சங்களை அகழ்ந்தார்கள். சுமார் 1660 முதல் 1820 வரை இங்கே புதைக்கப்பட்டவர்கள் சுமார் 570 பேர் என்பது ஹேண்ட்லர் கணக்கு. பெரும்பாலானவர்களோடு ஈமப்பொருள் ஏதும் இல்லை. அந்த வெறுமையைக் கணக்கில் வைத்தால்தான் விதிவிலக்குகள் பேசும்.

இங்கேயுள்ள பெரிய மேட்டில், 9ஆம் எண் கல்லறையில், ஓர் இளம்பெண் குப்புறக் கிடந்தார். பெட்டி இல்லை, பொருள் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் சூனியம் செய்தவர், ஊர் அஞ்சியவர் போன்றோருக்கே இப்படிக் குப்புறப் புதைத்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. ஹேண்ட்லர் அந்த விளக்கத்தையே முன்வைத்தார். அந்தப் பெண்ணின் எலும்பில் ஈயம் மிக அதிகம். ஈயப் பாகங்கள் கொண்ட வடிகலன்களில் காய்ச்சிய ரம் இந்தத் தீவு அடிமைகளின் உடலில் ஈயத்தை ஏற்றியது. ஈய நஞ்சின் வலிப்பும் நடத்தை மாற்றமும் மற்றவர்களுக்கு அவரை அச்சத்துக்குரியவராகக் காட்டியிருக்கக்கூடும் என்ற கருத்து எங்களுக்கு ஏற்புடையதாகப் படுகிறது. ஆனாலும் அத்தனை பெரிய மேட்டை எழுப்பியிருக்கிறார்கள். ஒதுக்கியவருக்கும் இவ்வளவு உழைப்பு.

செவ்வாய், பிரிட்ஜ்டவுன்

கேரிசன் பகுதியில், பழைய ராணுவச் சிறைக் கட்டடத்தில் பார்படோஸ் அருங்காட்சியகம். நியூட்டன் பொருட்களில் எவை காட்சியில் உள்ளன என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

72ஆம் எண் கல்லறை முதிய ஆண் ஒருவருடையது. 17ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 18இன் தொடக்கம். உலோகக் காப்பு, மோதிரங்கள், இரும்புக் கத்தி, மேற்கு ஆப்பிரிக்க வகைச் சுடுமண் புகைக்குழாய். கூடவே ஒரு கழுத்தணி: 7 சோழி, துளையிட்ட 21 நாய்க் கோரைப்பற்கள், 14 கண்ணாடி மணி, துளையிட்ட 5 மீன் முள்ளெலும்பு, பெரிய சூதுபவள மணி ஒன்று. இதில் எந்த ஒன்றையும் தனியாக எடுத்தால் அலங்காரம் என்று சொல்லிவிடலாம். எல்லாம் ஒரே உடலோடு இருந்ததும், இடுகாட்டில் வேறு யாருக்கும் இப்படி இல்லாததும் சேர்ந்துதான் இவர் மருத்துவராகவும் குறி சொல்பவராகவும் மதிக்கப்பட்டவர் என்ற முடிவுக்குக் கொண்டுபோயின.

கொடுமணல், கீழடி பற்றிப் படித்தவர்களுக்குத் தெரிந்த அதே சிவப்புக் கல்தான் அந்தச் சூதுபவளம். இந்த மணி குஜராத்தின் காம்பேயில், இன்றைய கம்பாத்தில், செய்தது என்று ஹேண்ட்லர் இனம் கண்டார். அங்கே ரத்தன்பூர் சுரங்கத்துக் கல்லை வெயிலில் உலர்த்தி, பானையிலிட்டு மெதுவாகச் சுட்டுச் சிவப்பேற்றுவார்கள். நட்டுவைத்த இரும்புக் கம்பியில் கல்லை வைத்து, எருமைக்கொம்புச் சுத்தியால் தட்டிச் செதில் எடுப்பார்கள். இரட்டை வைரத்துகள் பதித்த துளைக்கருவியை வில்லால் சுழற்றி இரு பக்கமிருந்தும் துளைப்பார்கள்; துளையின் நடுவே இரண்டும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய படி தெரியும். அவசரமாகச் சூடேற்றினால் கல் வெடிக்கும்.

சோழிக்கும் நம் கடலோடு தொடர்பு உண்டு. மாலத்தீவில் எடுத்த பணச் சோழி இலங்கை, வங்காளத் துறைகள் வழியாக ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் போய் ஏலத்தில் விற்றது. அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போனபோது அது மனிதர்களை வாங்கும் காசாக இருந்தது. நியூயார்க்கில் ஒரு பெண்ணின் இடுப்பிலும் இங்கே ஒரு முதியவரின் அணியிலும் வந்து சேர்ந்தபோது அதன் வேலை வேறு. கோக்க வசதியாகச் சோழியின் முதுகை வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்: வெட்டின் ஓரம் தேய்ந்து மழுங்கியிருந்தால் நெடுநாள் அணிந்தது, கூராக இருந்தால் அடக்கத்துக்கென்றே புதிதாகக் கோத்திருக்கலாம்.